காலி எடை

"ரத்தம் பொருந்துது. மனசும் திடமா இருக்கு. ஈரல்தாம்மா ஒத்துழைக்கல" என்றார் டாக்டரம்மா.

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் தெரிந்தது. அதுதான் என் கல்லீரல். அதில் பாதிக்கு மேல் வெட்டி என் கணவருக்குக் கொடுப்பதற்காகத்தான் நான் போயிருந்தேன். மேகம் இவ்வளவு வெளுத்திருக்கக் கூடாதாம். கொழுப்பு படிந்திருக்கிறதாம். இப்படிப்பட்ட ஈரலை வெட்டி வைத்தால் வாங்கிக்கொள்கிறவருக்கும் சரியாக வேலை செய்யாது, கொடுத்தவளிடம் மிஞ்சுவதும் ஒழுங்காக வளராது என்று விளக்கினார்.

"குறைச்சா போயிடுமா?" என்று கேட்டேன்.

"நிச்சயமா போகும். ஈரல் மாதிரி மன்னிக்கிற உறுப்பு வேற கிடையாது. எண்ணெய், இனிப்பு வேண்டாம். தினம் நல்லா வேகமா நடங்க. எடையைக் குறைச்சுட்டு இரண்டு மாசம் கழிச்சு வாங்க. மறுபடி படம் எடுப்போம். நல்லா இருந்தா உடனே தேதி வச்சுடலாம்."

பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. சட்டைக்குள் வயிறு மட்டும் தனி ஆளாக முன்னால் நின்றது. அதுவரை வாயே திறக்காதவர் திரையைக் காட்டிக் கேட்டார்: "டாக்டர், எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்திருக்குமோ?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். "ஆமா சார். உங்களுக்கும் இதுதான் ஆரம்பம். யாரும் பாக்காம விட்டதுல கல்லா இறுகிப்போச்சு. இவங்களுக்கு இப்பவே தெரிஞ்சது நல்லதுதான்."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேனா என்றால், கவனிக்கவில்லை. என் மனம் அப்போதே நடக்கத் தொடங்கியிருந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அவருடைய எடையையும் தினம் காலையில் பார்க்க வேண்டும். சட்டென்று ஏறினால் வயிற்றில் நீர் சேருகிறது என்று பொருள். காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். உப்பு கூடாது. பேதி மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது. விட்டால் கழிவு தலைக்கேறிப் பேச்சு குழறும்.

"எடை பாக்கறதை எங்கிட்ட விடுங்க டாக்டர்" என்று அவர் சிரித்தார். "வாழ்க்கை முழுக்க அதைத்தானே பண்றேன்."

அவர் எடைமேடைக்காரர். பெரிய சாலையோரம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து லாரிகளை நிறுப்பதுதான் வேலை. மணல், கம்பி, தானியம் என்று எது வந்தாலும் அவருக்கு இரண்டே வகை: லோடு வண்டி, காலி வண்டி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. ஒவ்வொரு வண்டியும் ஏறுவதற்கு முன்னால் மேடை காலியாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். "காலி தப்பா இருந்தா எல்லாமே தப்பு" என்பார். தக்காளி வாங்கப்போன கடையில்கூட "தம்பி, முதல்ல காலியைக் காட்டு" என்று கேட்டுத் திட்டு வாங்கியவர்.

குடிக்காதவர். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஈரல் கெட்டுவிட்டது என்ற செய்தி போன வேகத்தில் அவருக்குக் குடிகாரர் பட்டமும் போய்ச் சேர்ந்திருந்தது. மாடிவீட்டுக்காரர் பழங்களோடு பார்க்க வந்தார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "இனிமேலாவது விட்டுடுங்க சார்" என்றார்.

"சரிங்க. இன்னையிலேர்ந்து தொடவே மாட்டேன்" என்று இவர் பவ்யமாகச் சொன்னார். கதவைச் சாத்தியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "தொடாததை விடறது எவ்வளவு சுலபமா இருக்கு பாரு."

சர்க்கரை இருந்தது, உடம்பு கனத்திருந்தது, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. கூடவே சமையல்காரியைக் கட்டிக்கொண்டவர். நான் ஒரு டயர் தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. என்னை அங்கே எல்லோரும் மாஸ்டரம்மா என்பார்கள். கேன்டீனில் மிஞ்சியது தூக்குவாளியில் வீட்டுக்கு வரும். எண்ணெய் மிதக்கும் அந்த மிச்சத்தை இத்தனை வருடமும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். அதனால்தான் என் படத்தில் அவருடைய பழைய ஈரல் தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரே பானையில் வெந்தது வேறு எப்படி இருக்கும்?

மகள், "நான் குடுக்கிறேன்" என்றாள். வங்கியில் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்க்கிறவள், கல்யாணம் ஆகாதவள்.

"கூடாது" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு வார்த்தை சொன்னது இதுதான்" என்று அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

வீட்டுக்கு எடை பார்க்கும் கருவி வாங்க அவரே வந்தார். கடைக்காரர் எண்கள் ஒளிரும் கண்ணாடிப் பலகையைக் காட்டினார். இவர் உதட்டைப் பிதுக்கினார். "இது தானா கணக்குப் போட்டுத் தானா சொல்லுது. ஏமாத்தினா எனக்கு எப்படித் தெரியும்?" என்று, மூலையில் கிடந்த முள் வைத்த பழைய வகையை எடுத்துவரச் சொன்னார். அதன் பின்விளிம்பில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் முள் நகரும். காலியாக இருக்கும்போது பூஜ்யத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குளியலறை வாசலில் அதை வைத்தார். வேலையிடத்தில் செய்வது போலவே தூசி படாமல் ஒரு துண்டை மடித்து மேலே மூடினார்.

மகள் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவாள். பிறகு எங்கள் எடைமேடை திறக்கும். முதலில் அவர் ஏறுவார். வயிறு மறைப்பதால் அவருக்கு முள் தெரியாது. நான் குனிந்து எண்ணைப் படிப்பேன். பிறகு அவர் துண்டை முள்ளின் மேல் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "லோடு வண்டி வரலாம்" என்பார். நான் ஏறியதும் காலால் துண்டை ஒதுக்குவார்.

"பின்னாடி வாங்க... இன்னும் கொஞ்சம்... போதும் போதும், நிறுத்து" என்று லாரிக்குச் சொல்வதுபோலக் கையைக் காட்டுவார்.

"நான் லாரியா?"

"லாரின்னா சொன்னேன்? டிரெய்லர்."

அப்படியெல்லாம் சிரித்தோம்.

கேன்டீனில் என்னுடைய கஷ்டம் வேறு மாதிரி. சமையல்காரிக்கு நாக்குதான் தராசு. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பேன். ஒரு சொட்டு என்றுதான் பேர். இத்தனை அண்டாவுக்கும் ஒரு நாளில் ஒரு வேளைச் சாப்பாடே உள்ளங்கை வழியாகப் போய்விடும். அதை நிறுத்தினேன். ருசி பார்க்கும் பொறுப்பை வெங்காயம் உரிக்கும் அக்காவிடம் கொடுத்தேன். அவளுக்கு அங்கே அழுமூஞ்சி அக்கா என்று பெயர். கண்ணில் எப்போதும் தண்ணீர் வழியும், ஆனால் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அவள் நாக்குக்கு உப்பு எவ்வளவு போட்டாலும் போதாது.

"மாஸ்டரம்மா, இன்னைக்கு நேராக் கடல்லேர்ந்து மொண்டுட்டு வந்துட்டீங்களா?" என்று வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள்.

"தின்னுட்டுப் போங்கடா. அந்தம்மா ஈரக்குலையை அறுத்துப் புருஷனுக்குக் குடுக்கப் போகுது. உங்களுக்கு உப்பு ஒரு கேடா?" என்றாள் அழுமூஞ்சி அக்கா.

கத்தியவர்கள் தட்டை நீட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனிப்பாகவும் இருந்தது.

அந்த நாட்களில் எனக்கு நானே பிடிபடவில்லை. பசி வயிற்றில் ஒரு குழந்தை மாதிரி சிணுங்கிக்கொண்டே இருக்கும். அவித்த காயைத் தின்றுவிட்டு, விடியலில் மைதானத்தைச் சுற்றி மூச்சு வாங்க நடப்பேன். கால் வலிக்கும். ஆனால் மனம் லேசாக இருந்தது. அவருக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து கைகளைப் பிசைந்துகொண்டு நின்றவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அவர் வலியில் முனகும்போதுகூட, இன்னும் கொஞ்ச நாள்தான், என்னிடம் இருக்கிறது, நான் கொடுப்பேன் என்று ஒரு பெருமை உள்ளே எழும்பும். அவர் பிழைக்க வேண்டும் என்று விரும்பினேனா, பிழைக்க வைத்தவளாக இருக்க விரும்பினேனா? இரண்டையும் பிரித்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரங்களில் முள் அசையவே இல்லை. பிறகு இறங்க ஆரம்பித்தது. நாளுக்குக் கொஞ்சம், ஒரு கோடு, அரைக் கோடு.

"பாத்தியா, இறங்குது" என்றார் அவர். என்னைவிட அவருக்கு உற்சாகம். "இப்படி இறங்கினா தாராளமா போதும். ஒரு துண்டு ரொட்டி கூடச் சாப்பிடு. முகமெல்லாம் ஒட்டிப்போச்சு."

"வேண்டாங்க."

"நீ சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்."

ஈரல் நோய்க்காரர் சாப்பிடாமல் இருக்கக் கூடாது, சதை கரைந்துவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அதை அவர் நன்றாகப் பிடித்துக்கொண்டார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் ஒரு வாய் வைத்தால் அவர் ஒரு வாய். பக்கத்து பேக்கரிவரை மெல்ல நடந்துபோய் கேக் வாங்கிவருவார். மகளைச் சொல்லி, "பாப்பாவுக்கு" என்பார். ஆனால் பொட்டலம் என் பக்கத்தில்தான் இருக்கும்.

"முள்ளுதான் இறங்குதே, அப்புறம் ஏன் பயப்படறே?"

சாப்பிட்டேன். முதலில் கால் துண்டு, பிறகு அரைத் துண்டு. மறுநாள் பயந்துகொண்டே ஏறினால் முள் அப்போதும் இறங்கித்தான் இருந்தது. நடை வேலை செய்கிறது என்று நினைத்தேன். என் உடம்பு ஒருவழியாக என் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

அவருடைய வயிறுதான் என்னை உறுத்தியது. தோல் பளபளத்தது. பைஜாமா நாடாவின் முடிச்சு வெளியே தள்ளி வந்தது. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

"வயிறு கூடின மாதிரி இருக்குங்க."

"முள்ளு என்ன சொல்லுது?"

"போன வாரம் சொன்னதுதான்."

"அப்ப முள்ளை நம்பு. கண்ணுக்கு ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. முள்ளுக்கு ரெண்டுமே கிடையாது."

இது அவர் புதிதாகச் சொன்னதல்ல. எத்தனையோ ஓட்டுநர்களிடம் சொல்லி நான் கேட்டதுதான். அதனால் கண்ணை நம்பாமல் முள்ளை நம்பினேன்.

மறுபடி படம் எடுக்கும் நாள் வந்தது. அவருக்குக் களைப்பாக இருந்ததால் மகள் விடுப்பு எடுத்து அவரோடு இருந்தாள். நான் தனியாகப் போனேன். வாசலில் வழியனுப்பும்போது அவர் என் கையைக் கொஞ்சம் அதிகநேரம் பிடித்திருந்தார். "எது சொன்னாலும் மனசுல போட்டுக்காதே" என்றார். "என்ன சொல்லப்போறாங்க, தேதி சொல்லப்போறாங்க" என்றேன்.

நர்ஸ் என்னை மேடையில் ஏற்றி எண்ணைச் சொன்னாள். வீட்டில் பார்த்ததைவிட நான்கு கிலோ அதிகம்.

"உங்க மெஷின்ல ஏதோ கோளாறு" என்றேன். "எங்க வீட்ல காலையில பாத்துட்டுத்தான் வந்தேன். என் வீட்டுக்காரர் எடைமேடையில இருக்கிறவர்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் இன்னொன்றில் ஏற்றினாள். அதுவும் அதே எண்ணைச் சொன்னது. இரண்டுமே தப்பு என்று அப்போதும் நினைத்தேன். அவர் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மேகம் கொஞ்சம் கருத்திருந்தது. "முன்னேற்றம் இருக்கு. ஆனா இது போதாதும்மா" என்றார் டாக்டரம்மா. "இன்னும் ஒரு மாசம் கண்டிப்பா இருந்தீங்கன்னா—"

கைபேசி ஒலித்தது. மகள். "அம்மா, அப்பாவுக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது. என்னைப் பாத்து யாருன்னு கேக்கறாரும்மா."

நான் அங்கேயே நின்றேன். அவரை அவள் அங்கே கொண்டுவந்தாள். கட்டிலோடு நிறுத்தார்கள். எண்ணைக் கேட்டதும் டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது.

"எடை ஏறலைன்னு சொன்னீங்களே?"

"ஏறல டாக்டர். தினம் நான்தான் படிச்சேன்."

வயிற்றில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் அரிசி கழுவின தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. கிருமி சேர்ந்துவிட்டது, இது அடங்கினால்தான் அறுவையைப் பற்றியே பேச முடியும் என்றார்கள்.

மறுநாள் மதியம் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். குளியலறைக்குள் போக வழிமறித்துக் கிடந்த எடைக்கருவியைக் காலால் தள்ளினேன். துண்டு நழுவியது. ஜன்னல் வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்தது.

மேலே யாரும் இல்லை. முள் பூஜ்யத்துக்குக் கீழே, நன்றாக விலகி நின்றது.

கால் பட்டு நகர்ந்திருக்கும் என்று குனிந்து சக்கரத்தில் கட்டைவிரலை வைத்தேன். அசையவில்லை. நகம் வலிக்க அழுத்திய பிறகுதான் ஒரு பல் நகர்ந்தது. தற்செயலாகத் திரும்புகிற சக்கரம் இல்லை அது. மற்ற இடமெல்லாம் தூசி படிந்திருக்க, சக்கரத்தின் பற்கள் மட்டும் துடைத்துவிட்டதுபோல இருந்தன.

கையில் அவர் சட்டையோடு ஈரமான தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் நான் மைதானத்தில் நடக்கிறபோது அவர் முக்காலியை இழுத்துப் போட்டு, அந்த வயிற்றோடு குனிந்து, மூச்சு முட்ட இதைத் திருப்பியிருக்கிறார். ஒரேயடியாக அல்ல. எனக்குச் சந்தேகம் வராதபடி, தினம் ஒரு நூல். முதலில் என்னை முட்டாளாக்கிய கோபம்தான் வந்தது. அந்த ரொட்டி, கேக், "நீ சாப்பிட்டாத்தான் நானும்" எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அதற்குப் பின்னால்தான் அடுத்தது வந்தது.

இதே முள் அவரையும்தானே நிறுத்தது. வயிற்றில் நீர் ஏற ஏற முள் இறங்க இறங்க, இரண்டும் ஒன்றையொன்று தின்று, தினம் ஒரே எண்ணை எனக்குக் காட்டின. நான் அதைச் சத்தமாகப் படித்தேன். எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். காதால் கேட்டுக்கொண்டு, மனதுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டு, "சரி, அதேதான்" என்று இறங்கிப் போயிருக்கிறார். தன்னுடையதைச் சொன்னால் என்னுடையதும் வெளியே வந்துவிடும்.

மருந்தில் அன்று மாலை அவருக்குத் தலை கொஞ்சம் தெளிந்திருந்தது. மகளைத் தேநீர் குடித்துவர அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"காலியைப் பாத்தேன்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பாத்துட்டியா."

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"அன்னைக்கு டாக்டர் சொன்னாங்களே, எனக்கு ஆரம்பத்துல இருந்தது உனக்கு இப்ப இருக்குன்னு. ஏற்கெனவே கெட்டுக்கிட்டிருக்கறதைப் போய்ப் பாதியா வெட்டி... பாப்பாவுக்கு ரெண்டு பேருமே இல்லாமப் போயிட்டா?"

"குறைச்சா முழுசா சரியாயிடும்னும்தானே சொன்னாங்க?"

"அது எனக்குக் கேக்கல."

"நான் குடுக்கறேன்னு சொன்னப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கேக்கற ஆளா?"

அது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் கூடியது. "ஒரு லாரிக்குக்கூடப் பொய் எடை போட்டதில்லைன்னு பெருமை பேசுவீங்க. என்கிட்டத்தான் போடணும்னு இருந்தீங்களா?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மஞ்சளுக்குள்ளிருந்து பழைய ஆள் பார்ப்பதுபோல இருந்தது.

"லாரியெல்லாம் எனக்கு என்ன வேணும்?" என்றார்.

அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல்கள் காற்றில் இறகு அடிப்பதுபோலத் துடித்துக்கொண்டிருந்தன.

"இப்ப நிஜமா குறைக்கப் போறேன். நீங்க காய்ச்சலைக் குறைங்க. ரெண்டு பேரும் ஒண்ணா போவோம்."

"சரி மாஸ்டர்" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி, "சாப்பிட்டியா?" என்றார். அப்புறம் கதவைப் பார்த்து, "அடுத்த வண்டியை வரச் சொல்லு" என்றார். அதற்குமேல் தெளிவாக எதுவும் பேசவில்லை.

மருத்துவமனை நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். லிஃப்டைத் தொடவில்லை. அழுமூஞ்சி அக்கா கொண்டுவந்த சாப்பாட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து நான் ஏறி இறங்குவதையே பார்த்தாள். "ஏண்டி, நீ விழுந்துட்டா அவருக்கு யாருடி இருக்கா?" என்றாள். வெங்காயம் இல்லாமலே அவள் கண் வழிந்ததை அன்றுதான் பார்த்தேன். காய்ச்சல் அடங்கும், தேதி வைப்பார்கள், அதற்குள் அந்த நான்கு கிலோவையும் கரைத்துவிட வேண்டும். என் தலைக்குள் இது ஒன்றுதான் இருந்தது.

காய்ச்சல் அடங்கவில்லை. சிறுநீரகமும் நின்றது. ஒரு முற்பகலில், நான் படிக்கட்டில் இருக்கும்போதே, அவர் போய்விட்டார்.

டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எடை ஏறுனது முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா. சிலருக்கு எடை ஏறாமலேகூடக் கிருமி வரும். இந்த நோய்க்கு நாள் கணக்கு கிடையாது" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா, தெரியவில்லை. சக்கரத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்த மாடிவீட்டுக்காரர், "ரகசியமாத் தொடர்ந்திருப்பாரோ என்னவோ" என்று யாரிடமோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. ரகசியமாக ஒன்று செய்தார்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கேன்டீனுக்குத் திரும்பினேன். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினேன். உப்பு சரியாக இருந்ததா என்று சொல்லத் தெரியாமல் கரண்டியோடு நின்றேன். விடியலில் நடப்பதை மட்டும் விட முடியவில்லை. எதற்கு நடக்கிறாய் என்று கால்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இடுப்பில் துணி தானாகத் தளர்ந்தது. டாக்டரம்மா வற்புறுத்தியதால் ஒருநாள் போய்ப் படம் எடுத்தேன். மேகம் நல்ல கருஞ்சாம்பலாக, ஒரே சீராக இருந்தது.

"அருமையான ஈரல்மா இப்ப" என்றார் அவர். சொன்ன பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

விருந்தாளி வராமல் போன வீட்டில் சமைத்து மூடிவைத்த சாப்பாடு மாதிரி அதை எனக்குள் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன்.

எடைக்கருவி அதே இடத்தில்தான் இருந்தது. துண்டை நான் எடுக்கவில்லை. சக்கரத்தையும் தொடவில்லை. அவர் விரல் கடைசியாக நிறுத்திய இடம் அது. மேலே யாரும் ஏறாமலே பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும் அந்த முள், அவருக்குப் பிறகான இந்த வீட்டைச் சரியாக நிறுத்துச் சொல்வதாக எனக்குத் தோன்றும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருந்ததால் நீயும் பார்த்துக்கொள் என்று டாக்டரம்மா சொல்லி, அவளும் படம் எடுத்திருந்தாள்.

"எனக்கும் லேசா இருக்காம்மா" என்றாள். "பயப்படாதே. ஆரம்பம்தானாம். இப்பவே பாத்துக்கிட்டா முழுசாப் போயிடுமாம்."

"கேட்டுது" என்றேன். "அதுவும் எனக்குக் கேட்டுது. முழுசாப் போயிடும்."

அவள் எழுந்துபோய்த் துண்டை எடுத்தாள். "இதுலயே பாத்துக்கறேன், நிக்கட்டுமா?" என்று ஒரு காலைத் தூக்கினாள்.

"இரு. ஏறாதே. முதல்ல காலியைப் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "ஐயோ, தப்பா நிக்குதே. யாரும்மா திருப்பினது?"

"அப்பா."

"அப்பாவா? அப்பா எப்படிம்மா தப்பா வைப்பாரு?"

"சொல்றேன். முதல்ல இதைச் சரிபண்ணிக்கறேன்."

தரையில் மண்டியிட்டுச் சக்கரத்தில் கட்டைவிரலை வைத்தேன். அது இறுக்கமாகவே இருந்தது. ஒவ்வொரு பல்லாகத்தான் வந்தது. ஒவ்வொரு பல்லும் ஒரு காலைப் பொழுது. பாதியில் கை நின்றுவிட்டது. மகள் முதுகில் கைவைத்து, "நான் பண்ணட்டுமாம்மா?" என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். முள் தயங்கித் தயங்கிப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. அவர் திருப்பியதில் இனி ஒன்றும் மிச்சமில்லை.

"இப்ப ஏறு."

ஏறினாள். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவள், எடை கூடத்தான் இருந்தது. தலையை நிமிர்த்திக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நான் பாக்க மாட்டேன், நீயே சொல்லு. ரொம்ப இருக்கா?" என்றாள். அப்பாவின் உதடு, அப்பாவின் பிதுக்கல். இரண்டு கிலோ குறைத்துச் சொல்லிவிடலாம் என்று என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. குழந்தை முகம் வாடாமல் இருக்குமே. அவருக்கும் இப்படித்தான் வந்திருக்கும், இதே இடத்தில், அந்த முக்காலியில்.

முள் ஆடி அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு அது காட்டியதை அப்படியே படித்தேன்.